கணக்கு இடிக்கும் இடம்: புந்தோங் மளிகைக் கடை வேலையின் வரவும் செலவும்

மளிகைக் கடையில் எப்போதும் ஏதாவது ஒன்று குறைந்துகொண்டே இருக்கும். வெங்காயம் காய்ந்து எடை இறங்கும். முட்டைத் தட்டில் இரண்டு உடையும். பருப்பு மூட்டையில் ஓட்டை விழும். ராத்திரி கல்லாவை எண்ணும்போது நாலு வெள்ளி இடிக்கும். இத்தனைக்கும் நடுவில் நாள் முழுக்க நின்றவனின் கால் வலி எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

இந்த வேலையின் நன்மை தீமைகளைப் பட்டியல் போடுவது எளிது. வீட்டுக்குப் பக்கம், சம்பளத்துக்கு மேலே சாப்பாடு, நாலு மனிதரின் பழக்கம் என்று ஒரு பக்கம். நீண்ட நேரம், குறைந்த சம்பளம், முதுகு வலி என்று மறுபக்கம். ஆனால் பட்டியல் மட்டும் இந்த வேலையைப் புரியவைத்துவிடாது. அதற்கு ஒரே கேள்வி போதும்: கடையில் குறைவது யார் பெயரில் எழுதப்படுகிறது? தோட்டத்துக் கடை, தெருமுனைக் கடை, இன்றைய சங்கிலிப் பேரங்காடி ஆகிய மூன்றிலும் இதே கேள்வியைக் கேட்டால், கடை வேலையின் நூறாண்டு வரலாறு ஒரு கோட்டில் வந்து நிற்கிறது. அந்தக் கோட்டைப் போட்டுப் பார்க்கப் புந்தோங் பொருத்தமான ஊர்.

ஆற்றோரத்து ஊர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போ நகரின் மேற்குப் பக்கம், பாரி ஆற்றை ஒட்டிய பகுதி புந்தோங். நாட்டிலேயே இந்திய வாக்காளர் விழுக்காடு மிக உயர்ந்த சட்டமன்றத் தொகுதி என்று தேர்தல்தோறும் பத்திரிகைகள் இதைக் குறிப்பிடும். எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே கடலையும் முறுக்கும் பக்கோடாவும் பொரித்து விற்கத் தொடங்கி, ‘கச்சாங் பூத்தே’ என்றாலே புந்தோங் என்று நாடு முழுவதும் சொல்லும்படி செய்துவிட்டன. பக்கத்திலேயே, 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில் உருவான சீனப் புதுக்கிராமம். ஆகவே இங்கே கடைக்கு வேலைக்குப் போகும் தமிழ்ப் பையன் மூன்று மாதத்தில் சந்தை மலாயும், ஆறு மாதத்தில் விலை பேசும் அளவுக்குக் கந்தோனீசும் கற்றுக்கொள்வான். பள்ளிக்கூடம் தராத இந்த மொழிப்பாடம் கடை தரும் முதல் வரவு.

புந்தோங்குக்கு ஆள் வந்த வழிகளில் முக்கியமானது தோட்டம். கிந்தா பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, வீடமைப்புத் திட்டங்களாகக் கரைந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவின் ஓரங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். கித்தா (ரப்பர்) மரத்தைத் தவிர வேறு தொழில் தெரியாத குடும்பத்துக்கு நகரத்தில் எளிதாகத் திறந்த கதவுகளில் ஒன்று மளிகைக் கடை. சான்றிதழ் கேட்காத வேலை அது. மூட்டை தூக்கத் தெரிந்தால் போதும்.

தோட்டத்துக் கடை: குறைந்தது தொழிலாளி பெயரில்

தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது பற்று. ஆங்கிலேயர் காலத்தில் பல தோட்டங்களில் ஆளைக் கூட்டி வந்த கங்காணியே கடையும் வைத்திருந்தார், அல்லது கடையில் அவருக்குப் பங்கு இருந்தது. கப்பல் ஏறும் முன்பே தொடங்கிய முன்பணக் கடனோடு அரிசி, கருவாடு, புகையிலைக் கடனும் சேர்ந்துகொள்ளும். சம்பள நாளில் பிடித்தது போக மிச்சத்தைக் கையில் வாங்கியவர், மறுநாளே அதே கடைக்குப் பற்று எழுதப் போவார். 1938-இல் இந்திய அரசாங்கம் உதவியோடு நடந்த தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்ததும் கங்காணி வழி ஆள்சேர்ப்பு முடிந்தது. ஆனால் கடைக்கும் சம்பளத்துக்கும் இடையே போட்ட முடிச்சு அதோடு அவிழவில்லை.

அந்த முடிச்சு எவ்வளவு ஆழமானது என்பதை 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டமே சொல்கிறது. சம்பளத்தை எங்கே, யாரிடம் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது. முன்பணத்துக்கு வட்டி பிடிக்கக்கூடாது. சில்லறைக் கடையில் வைத்துச் சம்பளம் கொடுக்கக்கூடாது. அந்தக் கடையிலேயே வேலை செய்பவருக்கு மட்டும் விலக்கு. வேலையிடத்தில் கடை நடத்தலாம், ஆனால் அங்கேதான் வாங்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் இத்தனை விதி எழுதுவதில்லை.

தோட்டத்துக் கடையில் தராசுக்குப் பின்னால் நின்ற பையனும் பெரும்பாலும் கடனாளி வீட்டுப் பிள்ளைதான். காலையில் தன் அப்பன் பெயரில் பற்று எழுதி, மாலையில் அதே கடையின் அரிசியைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனவன் அவன்.

இதற்கு மாற்றாகப் பேராக்கிலிருந்தே ஒரு யோசனை எழுந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது. பற்றுப் புத்தகத்தில் கடனாளியாக மட்டும் இருந்த பெயர் பங்குதாரர் பட்டியலில் ஏறியது. கடைக்கும் இதே வழி பொருந்தும் என்ற எண்ணம் அன்றே இருந்தது. நிலம் வாங்கிய வேகத்தில் அது வளரவில்லை.

தெருமுனைக் கடை: 555

நகரத்துக்கு வந்தபோது பற்றுப் புத்தகம் சுருங்கிச் சட்டைப்பைக்குள் நுழைந்தது. அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு குறிப்பேடு மலேசியா, சிங்கப்பூர் முழுவதும் கடன் எழுதப் பயன்பட்டது. தமிழர் கடை, சீனர் கடை, மலாய்க்காரர் கடை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே வேதம் அதுவாகத்தான் இருக்கும்.

“அண்ணே, எழுதி வைங்க, சம்பளம் போட்டதும் தர்றேன்.” இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு முடிவெடுப்பதுதான் தெருமுனைக் கடையில் வேலை செய்பவரின் தலையாய தொழில்நுட்பம். யார் வீட்டில் வேலை போயிற்று, யார் வீட்டில் திருமணம், யார் பேச்சை நம்பலாம், யாரிடம் பாதி ரொக்கம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கும். வங்கியில் கடன் அதிகாரி செய்யும் வேலையைக் கைலி கட்டிக்கொண்டு மண்ணெண்ணெய் வாசத்துக்கு நடுவே செய்தார். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்து, ஈய விலை சரிந்து, கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டபோது, ஈப்போவின் ஏழை வீடுகளுக்கு இருந்த ஒரே காப்புறுதி இந்தக் குறிப்பேடுதான்.

தெருமுனைக் கடையில் குறைந்தது முதலாளி பெயரில் ஏறியது. வராக் கடன் அவருடையது. ஆனால் முதலாளி அதை ஈடுகட்டிய விதம் ஒன்று உண்டு: வேலை நேரம். அதிகாலையில் கதவு திறந்து, இரவு கடைசி வாடிக்கையாளர் போகும் வரை கடை. மனைவி, பிள்ளைகள் உழைப்பு எந்தக் கணக்கிலும் கிடையாது. கடைப்பையனுக்குச் சாப்பாடும் படுக்கையும் உண்டு என்பதால் அவன் நேரமும் எண்ணப்படவில்லை. 1950-இலேயே வார விடுமுறைச் சட்டம் கடைகளுக்கு வந்தது. முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவு வழியாக விற்கும் பழக்கத்தை அது ஒழித்துவிடவில்லை. கடன் சுமையைப் பணத்தில் தாங்கியவர் முதலாளி. அதை உடம்பில் தாங்கியவர்கள் அவர் வீட்டாரும் பையனும்.

அண்ணாச்சி கடைப் பள்ளிக்கூடம்

இருந்தும் அந்தப் பையன்கள் ஏன் போனார்கள்? பதில் தமிழ்நாட்டில் இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து சென்னைக்கு வந்த சிறுவர்கள் அண்ணாச்சி கடையில் பொட்டலம் மடிக்கத் தொடங்கி, தராசுக்கு உயர்ந்து, கல்லாவுக்கு நகர்ந்து, கடைசியில் வேறொரு தெருவில் தனிக் கடை போட்டார்கள். நாடார் வணிகர்களின் மகமை என்னும் பொது நிதி போன்ற ஏற்பாடுகள் அந்தச் சமூகத்தின் கல்விக்கும் முன்னேற்றத்துக்கும் துணை நின்றன. இன்றைய சிரமத்தைப் பொறுத்துக்கொள்ள நாளைய கடை ஒரு காரணம் கொடுத்தது.

மலாயாவிலும் அந்த ஏணி இருந்தது. கட்டி என்றால் ஏறத்தாழ 600 கிராம், ஒரு கட்டிக்குப் பதினாறு தகில் என்று மனக்கணக்குப் போடப் பழகியவன், 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு கிலோவுக்கு மாறி, இரண்டு கணக்கையும் ஒரே நேரத்தில் சொல்லி விற்றான். எந்த லோரி எந்தக் கிழமை வரும், மழைக்காலத்தில் எந்த மிளகாய் பூஞ்சை பிடிக்கும், தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்பு உளுந்து வாங்கிப் போட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. இந்த அறிவே அவன் முதல்.

ஏணியின் உச்சிக்கு மலேசியா காட்டும் உதாரணம் ஒரு சீனர். போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்ட லீ தியாம் வா 1987-இல் கிள்ளானில் ஒரு சிறு மளிகைக் கடை திறந்தார். அதிலிருந்து வளர்ந்த 99 ஸ்பீட்மார்ட் 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது 2,600-க்கும் அதிகமான கடைகள் வைத்திருந்தது. பெருமைக்குரிய கதைதான். ஆனால் அதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. ஒரு மளிகைக் கடைக்காரர் ஏறிய ஏணி, நாட்டின் ஆயிரக்கணக்கான மற்ற மளிகைக் கடைகளின் வாசலில் போட்டியாக வந்து நின்றது. இனி அங்கே கல்லாவில் உட்காரும் பெண்ணுக்கு மேற்பார்வையாளர் ஆகும் வழி உண்டு. தனிக் கடை போடும் வழி முன்னைப் போல் இல்லை.

பேரங்காடி: குறைந்தது யார் பெயரில்?

பெருங்கடைகள் வந்தபோது அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2011-இல் துக்கார் என்ற சில்லறைக் கடை மாற்றத் திட்டத்தைக் கொண்டுவந்து, பழைய கடைகளுக்கு அடுக்கும் விளக்கும் கணினிக் கல்லாவும் போட்டுத் தர, பேரங்காடி நிறுவனங்களையே ஆலோசகர்களாக அமர்த்தியது. 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு பொருள், சேவை வரி வந்து, 2018 ஜூனில் சுழியமானது. அந்த மூன்றாண்டில் ரசீதும் வரிக் கணக்கும் புரியாமல் திண்டாடியவர்கள் பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள்.

தொழிலாளியின் பக்கமிருந்து பார்த்தால் பேரங்காடி கொண்டுவந்த நன்மை பெரியது. வேலை நேரம் அட்டையில் பதிவாகிறது. ஊழியர் சேமநிதியும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் பிடிக்கப்படுகின்றன. அண்ணே, அக்கா உறவின் பெயரால் கூடுதல் நேரத்தை விழுங்குவது கடினமாகிறது. இதை மறுத்துப் பழைய கடையைப் புகழ்ந்து எழுதுவது, அந்தக் கடையில் படுத்துறங்கிய பையனுக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் 555 போய், அதன் இடத்துக்குக் கல்லாக் குறைவு வந்தது. மாலையில் கணினி ஒரு தொகை சொல்லும், பெட்டியில் ஒரு தொகை இருக்கும். வித்தியாசத்தைக் காசாளர் கையிலிருந்து போடச் சொல்வது, அல்லது மாதச் சம்பளத்தில் பிடிப்பது பல இடங்களில் ‘கடை வழக்கம்’ என்ற பெயரில் நடக்கிறது. திருட்டுப் போன பொருளுக்கு எல்லார் தலையிலும் வரி போடுவதும் உண்டு. வாடிக்கையாளரின் கடனைத் தாங்கிய முதலாளியின் இடத்தில், வாடிக்கையாளரின் திருட்டைத் தாங்கும் தொழிலாளி வந்து நிற்கிறார். சுற்றி வந்து மறுபடியும் தோட்டத்துக் கடை வாசலிலேயே நிற்கிறோம்.

சட்டம் இதை அனுமதிக்கிறதா? இல்லை. 1955 சட்டப்படி முதலாளி தானாகப் பிடிக்கக்கூடியவை சிலவே: தவறிக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், வட்டியில்லா முன்பணம், முன்னறிவிப்பின்றி விலகியதற்கான ஈட்டுத்தொகை, சேமநிதி போல வேறு சட்டங்கள் சொல்லும் தொகை. கல்லாக் குறைவு இந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு மாதச் சம்பளத்தைப் பிரித்துப் பார்த்தால்

2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2022 மே மாதம் 1,500 ஆகி, 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ஆனது. ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 2025 ஆகஸ்டு 1 வரை தவணை கிடைத்தது. தெருமுனைக் கடைகள் பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும்.

1,700 ரிங்கிட்டை மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட் 17 காசு. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது ஏறத்தாழ 12 ரிங்கிட் 26 காசு. ஒருவர் காலை ஒன்பதுக்கு வந்து இரவு ஒன்பதுக்குப் போகிறார், நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 11 மணி நேர வேலை, அதில் 3 மணி கூடுதல். 26 நாளில் 78 மணி நேரம். அதற்குரிய பணம் ஏறத்தாழ 956 ரிங்கிட். ஆக அவர் வாங்க வேண்டியது குறைந்தது 2,656. கையில் 1,700 மட்டும் வைத்து, “தம்பி, சாப்பாடு நம்ம கடையில்தானே” என்றால், அந்தச் சாப்பாட்டின் விலை மாதம் 956 ரிங்கிட்.

சிறு முதலாளியின் கணக்கும் எளிதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். சீனி, மாவு, மானிய எண்ணெய் ஆகியவை கட்டுப்பாட்டு விலைப் பொருள்கள். ஒரு கிலோ பொட்டல எண்ணெய் 2 ரிங்கிட் 50 காசுக்கு மேல் விற்க முடியாது; அதில் கடைக்கு மிஞ்சுவது காசுக் கணக்குத்தான். ஆனாலும் லாபம் குறைவு என்ற உண்மை, குறைவை அடுத்தவர் சம்பளத்தில் எழுதும் உரிமையைத் தந்துவிடாது.

விலை ஏறினால் வசவு யாருக்கு?

கடை வேலையில் பணத்தில் அளக்க முடியாத சுமை ஒன்று உண்டு. உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் அதற்கான கோபம் கல்லா மேசையில்தான் வந்து இறங்கும். 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் முதல் தேதி, மலேசியாவின் அரிசி இறக்குமதியைக் கையாளும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200-க்கு உயர்த்தியது. விலைக் கட்டுப்பாட்டில் இருந்த உள்நாட்டு அரிசி, பத்துக் கிலோ 26 ரிங்கிட் மூட்டை, அடுக்குகளிலிருந்து மறைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியும் நின்றது. டில்லியில் எடுத்த முடிவுக்கு ஈப்போவில் பதில் சொன்னவர், அரிசியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வியை எதிர்கொண்ட கடைப் பணியாளர்.

2025 ஆகஸ்டு 31 அன்று 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் மைகார்டு அடையாள அட்டை வழியாக 100 ரிங்கிட் அடிப்படை உதவித்தொகை திறந்துவிடப்பட்டது. முதல் நாளிலேயே கட்டமைப்பு நெரிசலில் திணறியது. அட்டை வேலை செய்யவில்லை என்று காசாளரைத் திட்டியவர்களுக்கு, அந்தக் கட்டமைப்பில் அவருக்கு ஒரு பொத்தானும் இல்லை என்பது தெரியாது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோதும் நாடு வீட்டுக்குள் இருக்க, கடைப் பணியாளர் முகக்கவசத்தோடு வெளியே நின்றார். அன்று அவரை முன்களப் பணியாளர் என்றோம். பட்டம் மறந்துபோனது, நிற்பது மட்டும் நிற்கவில்லை.

நாற்காலி

அந்த நிற்பதுதான் இந்த வேலையின் மிகப் பழைய வழக்கு. பிரிட்டன் 1899-இலேயே கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு, மூவருக்கு ஓர் இருக்கை வீதம் போட வேண்டும் என்று சட்டம் செய்தது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்களின் போராட்டத்துக்குப் பிறகு கேரளம் 2018-இலும், தமிழ்நாடு 2021-இலும் உட்கார்ந்து வேலை செய்யும் உரிமையைச் சட்டத்தில் எழுதின. ரங்கநாதன் தெருவின் துணிக்கடை வாழ்க்கையை வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’வில் காட்டிப் பதினோரு ஆண்டுகள் ஆன பிறகே அந்த நாற்காலி வந்தது. மலேசியாவில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2002-இல் நின்று வேலை செய்வோருக்கான வழிகாட்டியை வெளியிட்டது. வழிகாட்டி நல்லது. ஆனால் அதை மீறினால் உடனே தண்டிக்கும் பல் அதற்குக் கிடையாது. சம்பள உயர்வைவிடச் செலவு குறைந்த சீர்திருத்தம் ஒன்று உண்டென்றால் அது நாற்காலிதான். அதுவே இத்தனை தாமதமாவது, பணத்துக்கு அப்பாலும் இங்கே ஏதோ இருக்கிறது என்று காட்டுகிறது: உட்கார்ந்த பணியாளரைப் பார்த்தால் சும்மா இருப்பதாகத் தோன்றும் பழைய முதலாளிக் கண்.

முடிவாக

தோட்டத்துக் கடை குறைவைத் தொழிலாளியின் பற்றில் எழுதியது. தெருமுனைக் கடை அதை முதலாளியின் பணத்திலும், எண்ணப்படாத உழைப்பிலும் எழுதியது. சங்கிலிக் கடைகள் உழைப்பை எண்ணக் கற்றன. ஆனால் குறைவைச் சம்பளத்தில் எழுதும் பழைய பழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. புந்தோங்கின் அடுத்த தலைமுறை இந்த வேலைக்குப் போகத்தான் போகிறது. போக வேண்டாம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மொழியும் கணக்கும் மனிதர்களைப் படிக்கும் கண்ணும் தரும் வேலை வேறு எளிதில் கிடைக்காது.

ஆனால் போகிறவர்கள் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: எழுத்தில் வேலை நேரம், மாதந்தோறும் சம்பளச் சீட்டு, உட்கார ஒரு நாற்காலி. சீட்டில் ‘குறைவு’ என்று ஒரு வரி இருந்தால், அதை எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். கல்லாவில் குறைவது கடையின் கணக்கு. அதைச் சம்பளத்தில் எழுதக்கூடாது என்பது 1955-ஆம் ஆண்டின் சட்டம் சொல்லும் விதி.